கேமராவின் வாய் எவ்வளவு பெரியது?

அந்தமானில் உள்ள டாலிகஞ்சில் டிசம்பர் மாதம் மாலை 5 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதே நேரத்தில் சென்னைப் பிள்ளைகள் இன்னும் வெயிலில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊர்களும் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால் பகலின் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. சென்னையின் தீர்க்கரேகை சுமார் 80 டிகிரி. போர்ட் பிளேயருக்கு, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் ஊருக்கு, 92.7 டிகிரி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சுமார் 50 நிமிடம் வரும். சூரியன் அவ்வளவு முன்னதாக நம்மை விட்டுப் போகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றே.

ஆகவே டாலிகஞ்சுப் பிள்ளை ஒருவர் பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும்போதே வெளிச்சம் இறங்கத் தொடங்கியிருக்கும். எந்தக் கேமரா நல்லது என்று இந்த ஊரில் கேட்டால், முதலில் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கேனான் இக்ஸஸ் 185. சட்டைப் பைக்குள் அடங்கும், எடை சுமார் 126 கிராம். மற்றது கேனான் இஓஎஸ் 1500டி. புதிதாகப் பழகுகிறவர்களுக்கான டிஎஸ்எல்ஆர் கேமரா. உடல் மட்டும் 475 கிராம். கூடவே வரும் 18–55 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் முக்கால் கிலோவை நெருங்கும். சின்னதில் 20 மெகாபிக்சல், பெரியதில் 24 மெகாபிக்சல். கடைக்காரர் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்வார். அதைக் கேட்டதும் நமக்கு ஒரு நியாயமான சந்தேகம் வரும். 20-க்கும் 24-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதற்காகவா ஐந்து மடங்கு எடையைச் சுமப்பது?

அந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வரைபடத் தாளை எடுங்கள். அதில் 22 மி.மீ. நீளம், 15 மி.மீ. அகலத்தில் ஒரு கட்டம் போடுங்கள். அதன் மூலையிலேயே 6 மி.மீ. நீளம், நாலரை மி.மீ. அகலத்தில் இன்னொரு கட்டம். பெரிய கட்டம்தான் டிஎஸ்எல்ஆரின் சென்சார், அதாவது லென்ஸ் உருவாக்கும் பிம்பம் வந்து விழும் சிலிக்கான் தகடு. சின்னக் கட்டம் இக்ஸஸின் சென்சார். பரப்பில் கணக்கிட்டால் பெரிய கட்டத்துக்குள் சின்னது ஏறக்குறைய 12 முறை அடங்கும். இந்தப் படத்தைக் கையால் ஒருமுறை வரைந்தவர்களுக்கு மெகாபிக்சல் எண்மீது இருக்கும் மயக்கம் தீர்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இவ்வளவு சிறிய இடத்தில் 2 கோடி பிக்சல்களை அடைக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் எவ்வளவு சின்னதாக்க வேண்டும்! இக்ஸஸின் ஒரு பிக்சல் 1.2 மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரான். டிஎஸ்எல்ஆரின் பிக்சல் 3.7 மைக்ரான். பரப்பில் கணக்கிட்டால் 10 மடங்கு வித்தியாசம்.

அடுத்தது துளை. எந்தக் கேமராவிலும் ஒளி நுழையும் வாய் ஒன்று உண்டு. அதன் அளவை லென்ஸின் முன்புறம் எழுதியிருப்பார்கள், ஆனால் நேரடியாக எழுத மாட்டார்கள். குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்த எண்ணைத்தான் எழுதுவார்கள். இதற்கு எஃப் எண் என்று பெயர். இக்ஸஸில் குவியத் தொலைவு 5 மி.மீ., எஃப் எண் 3.2. ஐந்தை 3.2-ஆல் வகுத்தால் துளை கிடைக்கும்: சுமார் 1.6 மி.மீ. ஒரு கடுகைவிட அதிகம் பெரியதில்லை. டிஎஸ்எல்ஆர் லென்ஸில் 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5.1 மி.மீ. இரண்டு லென்ஸ்களும் கிட்டத்தட்ட ஒரே அகலமான காட்சியைத்தான் பார்க்கின்றன. ஆனால் பெரிய துளை வழியாகச் சுமார் 11 மடங்கு ஒளி உள்ளே போகிறது.

நண்பகலில் இதைப் பற்றிக் கவலையே இல்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால், நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். சின்னத் துளைக்கே திகட்டத் திகட்டக் கிடைக்கும். இரண்டு கேமராவின் படங்களையும் கைப்பேசித் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தால் எது எதன் படம் என்று சொல்வது கடினம். இதை நான் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் விலை உயர்ந்த கேமரா இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று பல பிள்ளைகள் ஏங்குகிறார்கள். ஆனால் இரவில் வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் 100 லக்ஸ் அளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கேதான் சின்னக் கேமராவின் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும்.

அந்தப் புள்ளிகள் ஏன் வருகின்றன? இதைத் தெரிந்துகொள்ள நம் ஊரைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. அந்தமானில் ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறதே!

வானம் கறுத்து வரும்போது, மழைக்கு முன்பாகவே, காய்ந்த சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் சதுரங்கள் வரையுங்கள். பக்கம் 4 செ.மீ. உள்ள சின்னச் சதுரங்கள் பத்து. பக்கம் 12 செ.மீ. உள்ள பெரிய சதுரங்கள் பத்து. முதல் தூறல் விழுந்ததும், தரை முழுக்க நனைவதற்குள், சட்டென்று ஒரு பழைய பலகையையோ குடையையோ மேலே பிடித்து மறைத்துவிட்டு ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை துளிகள் என்று எண்ணுங்கள். மழை எல்லாச் சதுரங்கள் மேலும் ஒரே மாதிரிதான் பெய்தது. ஆனால் எண்ணிக்கை ஒரே மாதிரி இருக்காது. சின்னச் சதுரத்துக்குச் சராசரி 9 துளி என்றால், ஒன்றில் 6 இருக்கும், பக்கத்தில் 12 இருக்கும். பெரிய சதுரத்துக்குச் சராசரி 81 துளி வரும். அங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு, 72 முதல் 90 வரை.

கவனித்தீர்களா? 9-க்கு வர்க்கமூலம் 3. 81-க்கு வர்க்கமூலம் 9. தற்செயலாக விழும் எதையும் எண்ணினால் ஏற்ற இறக்கம் இந்த வர்க்கமூலத்தின் அளவில்தான் இருக்கும். சின்னச் சதுரத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. பெரிய சதுரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

ஒளியும் துளிகளாகத்தான் வருகிறது. ஒரு துளிக்கு ஃபோட்டான் என்று பெயர். மங்கலான மாலையில் ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுக்கிறீர்கள். இக்ஸஸின் ஒரு பிக்சலில் சராசரியாக 900 ஃபோட்டான்கள் விழுந்தால், பக்கத்துப் பிக்சலில் 870 விழலாம், அடுத்ததில் 930. டிஎஸ்எல்ஆரின் பிக்சலில் 9,000 விழும், ஏற்ற இறக்கம் 95 அளவில்தான் இருக்கும். சின்னதில் 3 சதவீதத்துக்கும் மேல், பெரியதில் ஒரு சதவீதம். ஒரே நிறமான சுவர் சின்னக் கேமராவில் சொரசொரப்பாகத் தெரிவதற்குக் காரணம் இந்தத் தற்செயல். கேமராவின் ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டினால் படம் பளிச்சென்று ஆகும், ஆனால் வராத ஃபோட்டான் வந்துவிடாது. வந்ததைப் பெருக்கிக் காட்டும்போது அந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்து பெருகும். எவ்வளவு திறமையான பொறியாளராலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. இது இயற்கையின் கணக்கு. எனக்கு இதில் எப்போதும் ஒரு வியப்பு உண்டு: சிமெண்டுத் தரையில் விழும் மழையும் சிலிக்கானில் விழும் ஒளியும் ஒரே விதிக்குக் கட்டுப்படுகின்றன.

இனி டாலிகஞ்சை விட்டுக் கொஞ்சம் வெளியே போவோம். கராச்சர்மாவைத் தாண்டிப் போனால் சிப்பிகாட் வரும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் கடல்நீர் ஏறித் தங்கிவிட்டது. பயிர் செய்தவர்களுக்குப் பெரும் இழப்பு. அந்த நீர்நிலைக்கு இப்போது பறவைகள் வருகின்றன, அவற்றில் அந்தமான் கிளுவையும் உண்டு. பழுப்பு நிற வாத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். இந்தத் தீவுகளையே வீடாகக் கொண்ட பறவை. கரையில் நின்றால் தூரத்தில் மிதக்கும். அருகே போனால் பறந்துவிடும்.

இங்கே ஓர் ஆச்சரியம். டிஎஸ்எல்ஆரோடு வரும் 18–55 லென்ஸைவிட இக்ஸஸ் அதிகம் நெருக்கிக் காட்டும்! இக்ஸஸின் லென்ஸ் 8 மடங்கு இழுக்கும், 18–55 லென்ஸோ மூன்று மடங்குதான். ஆனால் முழுவதும் இழுத்த நிலையில் இக்ஸஸின் எஃப் எண் 6.9. ஒளி சின்னத் துளை வழியாக நுழையும்போது விளிம்பில் வளைந்து பரவும் என்று பாடத்தில் விளிம்பு விளைவு பற்றிப் படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப் போகிறீர்கள். அதனால் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் புள்ளியாக விழாது. 6.9 என்ற எண்ணுக்குச் சுமார் 9 மைக்ரான் அகலமுள்ள வட்டமாக விழும். பிக்சலோ 1.2 மைக்ரான். ஒரு புள்ளியின் ஒளி வரிசையாக ஏழு பிக்சல்களின் மேல் வழிகிறது. கிளுவை பெரிதாகத் தெரியும், வெள்ளை வளையமும் தெரியும், இறகின் நுணுக்கம் மட்டும் கரைந்திருக்கும். அந்த நேரத்தில் 20 மெகாபிக்சல் என்பது அட்டைப்பெட்டியில் எழுதிய எண் மட்டுமே.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். 250 மி.மீ. வரை போகும் லென்ஸ் ஒன்றை வாங்கியோ கடன் பெற்றோ பொருத்தினால் எஃப் எண் 5.6. வகுத்துப் பாருங்கள்: துளை 45 மி.மீ. முழுவதும் இழுத்த இக்ஸஸுக்கு 6 மி.மீ. கூட இல்லை. கிளுவையின் ஒவ்வொரு இறகும் எழுந்து வரும். டிஎஸ்எல்ஆரின் பணமும் எடையும் உண்மையில் போய்ச் சேரும் இடம் இந்தக் கண்ணாடிதான். கூடவே வந்த லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வாங்கும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பறக்கும் பறவை என்றால் இன்னொரு வித்தியாசமும் தெரியும். டிஎஸ்எல்ஆருக்குள் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேலே அனுப்ப, நாம் சாளரத்தில் கண்ணை வைத்து நேரடியாகக் காட்சியைப் பார்க்கிறோம். கடற்கரை வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் கண் கூசும்போது இந்தச் சாளரம் பெரிய உதவி. ஒளியில் ஒரு பங்கு கீழே இருக்கும் சிறிய சென்சாருக்குப் போகிறது. அது லென்ஸின் இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் வரும் இரண்டு பிம்பங்களை ஒப்பிட்டு, அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளக்கிறது. குவியம் எந்தத் திசையில், எவ்வளவு தவறியிருக்கிறது என்று ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். இக்ஸஸுக்கு அந்த வசதி இல்லை. லென்ஸைக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பார்க்கும், கூர்மை கூடினால் தொடரும், குறைந்தால் திரும்பி வரும். இப்படித் தேடி முடிப்பதற்குள் வீட்டுக் கூரையோரம் சுழன்று பறக்கும் சின்ன உழவாரன் குருவி படத்தை விட்டே போயிருக்கும். பொத்தானை அழுத்தினால் டிஎஸ்எல்ஆரில் கேட்கும் அந்த 'டக்' சத்தம், கண்ணாடி மேலே மடங்கி வழிவிட்டு ஷட்டர் திறப்பதால் வருவது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது 1975-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 பிக்சல். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது!

இவ்வளவு நேரம் பெரிய துளையைப் புகழ்ந்தாயிற்று. இப்போது சின்னத் துளை வெல்லும் இடத்துக்கு வருவோம்.

டாலிகஞ்சிலிருந்து சில கிலோமீட்டரில் கார்பின்ஸ் கோவ் கடற்கரை. இன்னும் தெற்கே போனால் சிடியா டாபு. நீர் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் கடல்நீர் தேங்கி நிற்கும். அதில் விரல்நுனி அளவு நண்டு, சங்குக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டு, பாறையில் ஒட்டிய கடல் சாமந்தி எல்லாம் இருக்கும். டிஎஸ்எல்ஆரின் 18–55 லென்ஸ், சென்சாரிலிருந்து குறைந்தது 25 செ.மீ. தள்ளி இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். இக்ஸஸை நண்டிலிருந்து ஒரு செ.மீ. வரை கொண்டுபோகலாம்.

அதோடு, பெரிய துளை வழியாக வரும் ஒளி அகலமான கூம்பாகக் குவிகிறது. குவியும் இடத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ இருப்பது உடனே மங்கிவிடும். ஒருவரின் முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியைக் கரைய வைப்பதற்கு அது அழகு. ஆனால் நண்டின் கண் தெளிவாக இருந்து கால்கள் மங்கினால், அது எந்த நண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னத் துளையின் ஒளிக்கூம்பு மெல்லியது. அதனால் கண், கால், ஓட்டின் கோடுகள் எல்லாம் ஒன்றாகத் தெளிவாக வரும். மாலையில் அதன் குறையாக இருந்த அதே 1.6 மி.மீ. துளை, பாறைக் குட்டையில் அதன் பலமாகிவிடுகிறது. பட்டாம்பூச்சி, எறும்பு, பூ என்று பள்ளிச் செயல்திட்டம் செய்யும் பிள்ளைக்குச் சின்னக் கேமராவே போதும், சில நேரம் அதுவே மேல் என்பது என் கருத்து. பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வரச் சட்டம் அனுமதிப்பதில்லை, செத்த பவளமாக இருந்தாலும் சரி. படமாக எத்தனை வேண்டுமானாலும் எடுத்து வரலாம்.

தண்ணீருக்கு உள்ளே எந்தக் கேமராவும் திணறும். நீர் முதலில் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் சில மீட்டர் ஆழத்திலேயே எல்லாம் நீலமாகத் தெரியும். டாலிகஞ்சிலேயே தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையம் இருக்கிறது. அதன் தலைமையகம் சென்னைப் பள்ளிக்கரணையில். அந்த நிறுவனம் உருவாக்கிய, 500 மீட்டர் ஆழம் வரை போகக்கூடிய ஆளில்லா நீர்மூழ்கி ஊர்தி அந்தமானின் பவளத்திட்டுகளைப் படம் பிடித்திருக்கிறது. கேமராவோடு தன் விளக்கையும் சுமந்துகொண்டுதான் அது இறங்குகிறது.

கைப்பேசி எங்கே என்று கேட்பீர்கள். அதன் சென்சாரும் சிறியதுதான், பல கைப்பேசிகளில் இக்ஸஸின் அளவை ஒட்டியே இருக்கும். ஆனால் அது ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து விடுகிறது. மழைச் சதுரத்தை ஒருமுறை எண்ணாமல் பத்து முறை எண்ணிச் சராசரி எடுத்தால் என்ன ஆகுமோ அதேதான். ஆடாமல் நிற்கும் காட்சிக்கு இந்த உத்தி பிரமாதம், ஓடும் நாய்க்குட்டிக்கு அவ்வளவு உதவாது. சட்டைப் பைக் கேமராவின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கேமராவாக இருந்தாலும் நம் ஊரில் அதை மூடி வைக்க வேண்டிய இடங்கள் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் விமான ஓடுபாதை கடற்படைத் தளத்துக்குச் சொந்தமானது, அங்கே படம் எடுக்கக் கூடாது. அந்தமான் பெருவழிச் சாலையில் ஜிர்காடாங் தாண்டி ஜாரவா மக்கள் வாழும் காட்டு வழியாகப் பேருந்து போகும்போதும் அப்படியே. அவர்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். அது அவர்கள் வீடு. கேட்காமல் யாரும் நம் வீட்டுக்குள் கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக, இந்தத் தீவில் கேமராவுக்கு இருக்கும் பெரிய எதிரிகள் ஈரமும் உப்பும் மணலும். ஈரக்காற்றில் லென்ஸின் உள்பக்கத்தில் பூஞ்சை வளரும். சிலந்தி வலை போல மெல்லிய இழைகளாகப் படர்ந்து கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தூசியும் ஈரமும் உள்ளே போக வழி இருக்கிறது, ஆகவே கடற்கரையில் நின்றுகொண்டு லென்ஸை மாற்ற வேண்டாம். சட்டைப் பைக் கேமராவில் உள்ளிருந்து நீண்டு வரும் குழாயின் இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். மணல் ஒட்டிய கையால் அதைத் தொடவே தொடாதீர்கள். கால்சட்டைப் பையிலும் போடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, காற்றுப் புகாத மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அலமாரிக்குள் தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவதுதான் பூஞ்சைக்கு நாம் தரும் விருந்து. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைத்தால் நல்லது. நீல வகை ஈரத்தைக் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். அப்போது பெரியவர்களிடம் கொடுத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் உலர்த்தச் சொல்லுங்கள். நிறம் திரும்பியதும் மறுபடி டப்பாவில் போடலாம்.